செவ்வாய்ப்பேட்டையில் சிவப்பு எங்கே?

கேள்வி: நான் எழுதிவரும் மிகுபுனைவு நாவலில் ஒரு மலைநாடு வருகிறது. அதற்கென ஒரு மொழியை உருவாக்கி வருகிறேன். 40 வேர்ச்சொற்களை அமைத்துக்கொண்டு, விகுதிகளைச் சேர்த்துச் சொற்களைப் பெருக்குகிறேன். ‘நெவ்’ என்றால் நீர். ‘நெவ்வா’ ஆறு, ‘நெவ்வி’ மழை, ‘நெவ்வன்’ மீனவன். படித்துப் பார்த்த தோழி, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இருக்கிறது என்கிறாள். குறை எங்கே?
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பதில்: தோழி சொன்னது சரிதான். வேர்களில் குறையில்லை; அவற்றிலிருந்து பிறந்த சொற்கள் எல்லாம் நேற்றுப் பிறந்தவைபோல் ஒரே சாடையில் இருக்கின்றன. உங்கள் பேட்டையின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பைக் குறிக்கும் ‘செம்’ என்னும் வேரிலிருந்து செந்நிறக் கோளுக்குச் செவ்வாய் என்ற பெயர் வந்தது; கோளின் பெயர் கிழமைக்கு ஆயிற்று; அக்கிழமையில் கூடிய சந்தையால் பேட்டைக்கும் ஆயிற்று. இன்று அங்கே கொலுசு வாங்க வருகிறவர் எவரும் சிவப்பை நினைப்பதில்லை. (செவ்வாயில் வெள்ளி வாங்குகிறோம் என்ற வேடிக்கையும், அந்த வெள்ளி ‘வெள்’ என்னும் வெண்மையிலிருந்து வந்தது என்பதும்கூட அவர் நினைவுக்கு வருவதில்லை.) சேர்வராயன் மலையில் ‘மலையாளி’ என்றால் அங்கு வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர், மலையிறங்கி வந்தால் அதே சொல் கேரளத்தவரைக் குறிக்கிறது. வேரை மறந்துவிட்ட சொற்கள் உங்கள் மொழியிலும் சில இருக்க வேண்டும்.

அடுத்தது ஒலி. புனைமொழிகளில் வேரிலிருந்து சொல்லை வளர்க்கும் கலையில், ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதிய டோல்கீனுக்கு ஈடாக எவரையும் என்னால் சொல்ல இயலவில்லை. 1930களின் பிற்பகுதியில் அவர் எழுதிவைத்த வேர்ச்சொற் பட்டியல், அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து 1987-இல் அச்சேறியது. அவருடைய கதைகளில் வரும் எல்ஃப் இனத்தாரின் மொழிகளுள் ஒன்றான க்வென்யா, ‘க்வெட்’ என்னும் வேரின் முதல் ஒலியைக் காத்துக்கொண்டது. சிந்தாரின் என்னும் மற்றொரு மொழியிலோ அது பகரமாகி, ‘பேசு’ என்பதற்கான வினை ‘பெட்’ என்று ஒலிக்கிறது. இந்தத் திரிபு ஒரு சொல்லோடு நிற்பதில்லை, ‘க்வ’ வந்த பிற வேர்களிலும் நிகழ்கிறது என்பதுதான் அவருடைய நுட்பம். நமக்கு இது புதிதன்று: உங்கள் ஊரிலேயே கன்னடம் பேசும் குடும்பங்களில் பால் ஹாலு ஆகவும், பல் ஹல்லு ஆகவும், பத்து ஹத்து ஆகவும் இருப்பதைக் கேட்டிருப்பீர்கள்.

ஆகவே உங்கள் நாட்டைச் சற்றே பிரித்துப் பாருங்கள். அடிவாரத்தார் சொல்லின் முதலில் வரும் நகரத்தை விட்டுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், மலையில் ‘நெவ்வா’ எனப்படும் ஆறு அடிவாரத்தில் ‘எவ்வா’ ஆகிவிடும். ஆனால் மழை மலையிலிருந்து இறங்கி வருவதாக நம்பும் அம்மக்கள், மலையாரின் சொல்லான ‘நெவ்வி’யையே கடனாகப் பெற்று அப்படியே வழங்கலாம். மீனவனைக் குறித்த ‘நெவ்வன்’, தூண்டிலோடு நாளெல்லாம் காத்திருப்பவன் என்பதால், காலப்போக்கில் பொறுமைசாலியைக் குறிக்கத் தொடங்கலாம். நாற்பது வேர்களுக்கும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. கதை மாந்தர் அடிக்கடி பேசும் ஐந்தாறு வேர்களுக்குச் செய்தால் போதும்.

கேள்வி: வேர் என்பது முழு அசையாகத்தான் இருக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், ஏற்காடு.

பதில்: வேண்டியதில்லை. அரபியில் க்-த்-ப் என்னும் மூன்று மெய்களே எழுத்துத் தொடர்பான சொற்களுக்கு வேர். இடையில் உயிர்களை மாற்றியிட்டால் கிதாப் நூலாகும், காதிப் எழுதுபவராவார். முன்னே மகரம் சேர்ந்தால் மக்தப் பள்ளியாகும். டோல்கீன் தம் கதையின் குள்ளர் மொழியை, அரபி முதலிய செமித்திய மொழிகளின் இந்த முறையில்தான் அமைத்தார்: கஸாத் என்பது அவ்வினத்தாரின் பெயர், குஸ்துல் என்பது அவர்களுடைய மொழி. தமிழ்ப் புனைகதைக்கு இம்முறை சற்று அந்நியமாக ஒலிக்கும் என்பது என் எண்ணம். வேருக்குள்ளேயே மாற்றம் வேண்டுமென்றால், முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் சுடு–சூடு, கெடு–கேடு வழியில் வேரின் முதல் உயிரை நீட்டிப் பாருங்கள். வாசகரின் காது அதை உடனே ஏற்கும்.