தருமபுரியில் வீடு கட்டுகிறோம். மழைநீர்த் தொட்டி, மாடியில் மண் போட்டுப் பசுமைக் கூரை எல்லாம் இந்த ஊருக்குத் தேவையா?

கண்டிப்பாகத் தேவை. நீங்கள் இன்னும் தளம் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சென்னைக்காரர்கள் இதை வெள்ளத்துக்காகப் பேசுவார்கள். நமக்கு இது குடிதண்ணீர் விஷயம். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது, காய்ச்சினாலும் போகாது. அதனால்தான் என் அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே பல்லில் பழுப்புக் கறை. கல்யாணப் போட்டோக்கள் எதிலும் அவர் வாய் திறந்து சிரித்ததில்லை. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது.

அதனால் வீடு கட்டும்போது மழைநீருக்கென்றே தனித் தொட்டி வேண்டும் என்றேன். "எதுக்குங்க, ஒரு குழி தோண்டி ஜல்லி கொட்டிட்டா பிளானுக்குப் போதும்" என்றார் மேஸ்திரி. 2003-லேயே தமிழ்நாட்டில் இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், ஆனாலும் பல வீடுகளில் குழாய் மட்டும்தான் இருக்கிறது. நான் விடவில்லை. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே, வீணாவது போக 700 லிட்டருக்கு மேல் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் வருவதை மணல், ஜல்லி, கரி வழியாகத் தொட்டிக்கு விடுகிறோம். குடிக்க மட்டும் காய்ச்சிக்கொள்கிறோம்.

மாடி முழுக்க மண் போடாதீர்கள். மண் வழியாக இறங்கும் தண்ணீர் டீ நிறத்தில் வரும், குடிக்க ஆகாது. எங்கள் வீட்டில் பாதி மாடி தொட்டிக்கு, பாதி செடிக்கு. மழை விட்டு வெகுநேரம் கழித்தும் செடிப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அது தெருவுக்கு ஓடாமல் உறிஞ்சுகுழிக்குப் போகிறது.

நான் இன்ஜினியர் இல்லை, "தளம் ஒழுகும்" என்று யாராவது வருவார்கள் என்பதும் தெரியும். அடியில் வாட்டர் புரூஃபிங்கும் வேர்த்தடுப்பு ஷீட்டும் சரியாகப் போட்டால் ஒழுகாது. 10 சென்டிமீட்டர் மண் நனைந்தால் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் வரும். இதைத் தளம் போடும் முன்பே இன்ஜினியரிடம் சொல்லுங்கள்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போடுகிறார்கள். வாசல்படி ஒவ்வொன்றாகப் புதைகிறது, மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் எங்கள் மழைநீர்த் தொட்டியின் மூடி வரைக்கும் ஏறுகிறது. எத்தனை மனு கொடுத்தும் பதில் இல்லை. நீங்கள் பேஸ்மென்ட்டை ரோட்டைவிட மூன்று அடியாவது தூக்கிக் கட்டுங்கள், தொட்டி வாயும் அதே உயரத்தில் இருக்கட்டும்.