அல்சைமர் புரதத்தின் வடிவத்தை அம்மாவுக்குச் சோதித்துப் பார்க்க முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 69 வயது. ஒரு வருடமாக மறதி அதிகமாகிவிட்டது. சாம்பாருக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போடுகிறார். எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டர், அல்சைமரின் தொடக்கமாக இருக்கலாம் என்கிறார். இந்த நோயில் மூளையில் படியும் புரதத்தின் வடிவத்தை, அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் காந்த ஒத்ததிர்வு நிறமாலை முறையில் கண்டறிந்ததாகவும், அது ஆளுக்கு ஆள் மாறும் என்றும் படித்தேன். அந்தப் பரிசோதனையை அம்மாவுக்குச் செய்யலாமா?

பதில்: செய்ய முடியாது. அது இறந்தவர்களின் மூளைத் திசுவை வைத்துச் செய்த ஆய்வு. ஆனால் நீங்கள் படித்தது மிக முக்கியமான விஷயம்.

பெதஸ்டாவில் உள்ள அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ராபர்ட் டைக்கோ குழுவினர் செய்த ஆய்வைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அல்சைமரில் அமிலாய்டு பீட்டா என்ற சிறிய புரதம் இழை இழையாகத் திரண்டு மூளையில் படிகிறது. இந்த இழைகள் தண்ணீரில் கரையாது, படிகமாகவும் ஆகாது. அதனால் புரத வடிவங்களைக் காட்டும் வழக்கமான எக்ஸ்ரே முறை இங்கே எடுபடவில்லை, நீங்கள் படித்த காந்த ஒத்ததிர்வு நிறமாலையின் ஒரு வகையான திடநிலை என்.எம்.ஆர். முறைதான் கைகொடுத்தது. சில மில்லிமீட்டர் விட்டமே உள்ள குழாயில் இழைகளை அடைத்து, வலுவான காந்தத்துக்குள் சாய்வாக வைத்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சுழற்றுவார்கள். எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு இருக்கிறது என்பது கிடைக்கும் சமிக்ஞைகளிலிருந்து தெரியவரும்.

இந்த முறைக்கு கார்பன்-13, நைட்ரஜன்-15 அணுக்கள் (கார்பன், நைட்ரஜனின் சற்றே கனமான வகைகள்) நிறைய வேண்டும். நம் உடலின் புரதத்தில் அவை சொற்பம். அதற்கு டைக்கோ குழு கண்ட வழி அழகானது. பாலில் உறை ஊற்றுவது போல, நோயாளியின் மூளையிலிருந்து எடுத்த இழைத் துணுக்குகளை, அந்த அணுக்களைச் சேர்த்து ஆய்வுக்கூடத்தில் தயாரித்த புரதத்தில் கலந்தார்கள். புதிய இழைகள் பழைய இழையின் வடிவத்திலேயே வளர்ந்தன. 2013-ல் இரண்டு நோயாளிகளின் திசுக்களை இப்படிப் பார்த்தபோது, ஒவ்வொருவரிடமும் ஒரே வகை இழை மேலோங்கியிருந்தது. ஆனால் இருவரின் இழைகளும் வேறு வேறு வடிவம். 2017-ல் 18 பேரின் திசுக்களை ஆராய்ந்தார்கள். இந்தப் புரதத்தில் 40 அமினோ அமிலங்கள் கொண்ட வகையில், வழக்கமான அல்சைமர் வந்தவர்களிடம் ஒரு வடிவம் மேலோங்கியிருந்தது. நோய் வெகு வேகமாக முற்றியவர்களிடம் வடிவங்கள் பலவாறாக இருந்தன.

ஒருவருக்கு நோய் மெதுவாகப் போகிறது, இன்னொருவர் சீக்கிரமே படுத்த படுக்கையாகிறார். ஏன் என்று குடும்பத்தார் கேட்கும்போது மருத்துவர்களான எங்களிடம் நேரான பதில் இல்லை. இழையின் வடிவம்தான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் தேட வேண்டிய இடங்களில் அது ஒன்று.

சில ஸ்கேன் மையங்களில் எம்.ஆர்.எஸ். (காந்த ஒத்ததிர்வு நிறமாலை ஸ்கேன்) என்று ஒன்று எடுப்பார்கள். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பாதீர்கள். நரம்பு செல்களின் நலனைக் காட்டும் சில சிறு மூலக்கூறுகளின் அளவைத்தான் அது சொல்லும்; அமிலாய்டு இழை அதில் தெரியாது. இழைகள் இருக்கின்றனவா என்பதை அமிலாய்டு பெட் ஸ்கேனிலோ முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையிலோ அறியலாம். அமிலாய்டைக் குறைக்கும் லெகனெமாப் போன்ற புதிய மருந்துகளை யோசிப்பதானால் இந்தப் பரிசோதனைகள் தேவைப்படும். அந்த மருந்துகள் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கும், போன நினைவைத் திருப்பித் தராது. மூளையில் வீக்கமும் சிறு கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகளைச் செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். இந்த இரண்டின் குறைபாட்டாலும் மறதி வரும், மருந்தால் சரிசெய்யவும் முடியும். மனச்சோர்வு இருக்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா தூக்க மாத்திரையோ, சளி, அலர்ஜி மாத்திரையோ தினமும் போடுகிறாரா? வயதானவர்களுக்கு அவற்றில் சில மறதியைக் கூட்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மறதி எப்போது தொடங்கியது, முதலில் எந்த வேலையில் தடுமாறினார் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். ஸ்கேனில் கிடைக்காத தகவல் பல அதில் கிடைக்கும்.