ஹாஃப்-லைஃப் அக்கவுன்ட் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: கல்லூரியில் படித்தபோது ப்ரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடியவன் நான். அது ஹாஃப்-லைஃப் என்ற ஆட்டத்திலிருந்து வந்தது என்று நண்பர்கள் சொல்வார்கள், ஆனால் அந்த மூல ஆட்டத்தை ஒரு தடவைகூட ஆடியதில்லை. இப்போது ஆட ஆசை. என்னிடம் இருப்பது பத்து வருடப் பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸ் 7. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தேடினால் ஹாஃப்-லைஃப், பிளாக் மெசா, ஹாஃப்-லைஃப் 2 என்று வரிசையாக வருகிறது. எதை வாங்குவது? ஆன்லைனில் ஒருவர் எல்லா ஆட்டமும் இருக்கிற அக்கவுன்டையே 150 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: முதலில் அந்த 150 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். அக்கவுன்டை விற்பதையும் கைமாற்றுவதையும் ஸ்டீமின் விதிகள் அனுமதிப்பதில்லை. அதைவிட முக்கியம், முதலில் பதிந்தவர் நினைத்தால் பழைய ஈமெயிலைக் காட்டி அக்கவுன்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு விற்பனையாளரிடம் இப்படி வாங்கி, ஒரே வாரத்தில் பாஸ்வேர்டு மாறிவிட்டது, அப்புறம் அவர் பதிலே போடவில்லை. பணத்தைவிட, பாதி ஆட்டத்தில் நின்றுபோனதுதான் வலித்தது.

நேரடியாக ஸ்டீமிலேயே வாங்குங்கள், விலை ரூபாயில்தான் இருக்கும், யுபிஐ மூலம் கட்டலாம். அவசரம் இல்லையென்றால் கோடைக்கால, குளிர்காலத் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள், முழு விலையில் பத்தில் ஒரு பங்குக்கே ஹாஃப்-லைஃப் போனதுண்டு. வாங்கிப் பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியாளிடம் வாங்கிய கீக்கு, அதாவது ஆட்டத்தை ஆக்டிவேட் செய்யும் குறியீட்டுக்கு, இந்த வசதி கிடையாது.

சரி, லேப்டாப். 1998-ல் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் பெட்டியில் கேட்டிருந்தது 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 24 எம்பி ரேமும்தான், அதனால் உங்கள் லேப்டாப் தாராளமாகப் போதும். சிக்கல் விண்டோஸ் 7-ல் இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டையும் ஸ்டீம் ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கு மாறலாம் என்றால் அதற்கும் மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆட்டத்துக்காகப் புது லேப்டாப் வாங்கக் கிளம்பாதீர்கள், ப்ளீஸ். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். இலவசம், பழைய மெஷினில் நன்றாக ஓடும், ஹாஃப்-லைஃபுக்கு 2013-லிருந்தே லினக்ஸ் பதிப்பு உண்டு. போடும் முன் போட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் வேறு டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது என்றால், 1998-ன் மூல ஆட்டத்தையே வாங்குங்கள். பிளாக் மெசா என்பது ரசிகர்கள் சேர்ந்து அதே கதையைப் புதிதாகக் கட்டி 2020-ல் முழுமையாக முடித்த ஆட்டம். கடைசியில் வரும் ஸென் என்ற வேற்றுலகப் பகுதி மூல ஆட்டத்தில் கொஞ்சம் சுமார், இவர்கள் அதை அடியோடு மாற்றிப் பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் லேப்டாப் அதில் திணறிவிடும். ஹாஃப்-லைஃப் 2 கதையின் தொடர்ச்சி, அது அப்புறம்.

மூல ஆட்டத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. தொடக்கத்தில் நீங்கள் சுடுவதே இல்லை. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் பூமிக்கு அடியில் இருக்கும் பிளாக் மெசா ஆய்வுக்கூடத்துக்கு, வேலைக்குத் தாமதமாக வரும் கார்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியலாளராக டிராம் வண்டியில் சும்மா உட்கார்ந்து போகிறீர்கள். அப்புறம் ஒரு சோதனை தவறிப்போய் எல்லாம் தலைகீழாகிறது. அதற்குப் பிறகும் ஆட்டம் உங்கள் கையிலிருந்து கண்ட்ரோலைப் பிடுங்கிக்கொண்டு படம் காட்டுவதில்லை, நடப்பதெல்லாம் நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே உங்கள் கண் முன்னால் நடக்கிறது. முதலில் கைக்கு வரும் ஆயுதம் ஒரு கடப்பாரை. ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் ஒரு குழியில் கண் தெரியாத, நீண்ட கை போன்ற மூன்று பெரிய வேற்றுலக உயிர்கள் இருக்கும், அவை சத்தத்தை வைத்துத்தான் உங்களைத் தேடும். குனிந்து மெல்ல நகர்ந்து, தேவைப்பட்டால் கிரனேடை வேறு பக்கம் எறிந்து அவற்றைத் திசை திருப்ப வேண்டும். ராணுவம் எதற்காக வருகிறது என்பதை இங்கே சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள்.

2023 நவம்பரில், ஆட்டத்தின் 25-ஆவது ஆண்டுக்காக, அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் ஒரு பெரிய அப்டேட் வெளியிட்டது. அகலத் திரைக்கு ஏற்ற பார்வைக் கோணம் அதில்தான் வந்தது. செட்டிங்ஸில் அதை ஆன் செய்துகொள்ளுங்கள், பழைய ஆட்டங்களில் தலை சுற்றுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இது உதவும். எஃப்6 அழுத்தினால் சேவ், எஃப்7 அழுத்தினால் அந்த இடத்துக்கே திரும்பலாம். ஏணியில் ஏறும் முன் எஃப்6 அழுத்தும் பழக்கம் வேண்டும், ஏனென்றால் இந்த ஆட்டத்து ஏணிகள் வழுக்கும்.

கேள்வி: அண்ணனின் பழைய பெட்டியில் ஹாஃப்-லைஃபின் ஒரிஜினல் சிடி கிடைத்தது, உறையில் எண்களால் ஆன கீயும் இருக்கிறது. இதை வைத்து இப்போது ஆட முடியுமா?

பதில்: சிடியை விட்டுவிடுங்கள், அந்தக் கீதான் சொத்து. ஸ்டீமில் கேம்ஸ் மெனுவுக்குள், புதிய ஆட்டத்தை ஆக்டிவேட் செய்யும் இடத்தில் அந்த 13 இலக்கங்களையும் அடித்துப் பாருங்கள். வால்வ் தன் பழைய கீகளை இப்படி ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு கீ ஒரு அக்கவுன்டுக்குத்தான், அதனால் அண்ணன் முன்பே பதிந்திருந்தால் எடுக்காது. அவருடைய பழைய ஈமெயில் எது என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டம் அங்கேயே இருக்கலாம். அப்படியும் இல்லையென்றால் அடுத்த தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம். உறையை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், பெட்டியோடு கிடைக்கும் பிரதி இப்போது அபூர்வம்.