நொதிப்புப் பெட்டியும் கைப்பேசியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மாவு, பியர் போன்றவை நொதிக்கும்போது உள்ளே ஒரே வெப்பநிலையை வைத்திருக்க, சென்சார், ஹீட்டர் அல்லது ஃப்ரிட்ஜ், ஒரு சிறு கணினிப் போர்டு ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்வதுதான் நொதிப்புப் பெட்டி.

பழைய ஃப்ரிட்ஜில் பியர் நொதிக்க வைக்கிறேன். ஃபெர்மென்ட்ராக், கிராஃப்ட்பியர்பை என்ற இரண்டு கட்டுப்பாட்டு மென்பொருள்களில் எதைப் போடலாம்? (டொராண்டோ வாசகர்)

நொதித்தல் மட்டும்தான் என்றால் ஃபெர்மென்ட்ராக். மால்ட் ஊறவைப்பது, கொதிக்க வைப்பது எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க வேண்டுமானால் கிராஃப்ட்பியர்பை.

இலக்கு 18 டிகிரி. கம்ப்ரசர் நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுகிறது. (லண்டன்)

சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் தெரிகிறது. அதைக் கலனின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டு தெர்மோகோல் வைத்துக் கட்டுங்கள். ஒருமுறை நின்ற கம்ப்ரசர் குறைந்தது 5 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். அந்த இடைவெளி மென்பொருளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரிலே (போர்டு சொன்னபடி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம், கம்ப்ரசர் போனால் ஃப்ரிட்ஜே போய்விடும்.

பெட்டி வேலை செய்யவில்லை. என்ன காரணம்?

எந்தப் போர்டு, எந்த சென்சார், எந்த மென்பொருள் என ஒன்றையுமே எழுதவில்லை. ஓர் இரவின் பதிவு முழுவதையும் அனுப்புங்கள், பிறகு பேசுவோம்.

டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் திடீரென 85 என்கிறது, சில நேரம் மைனஸ் 127. மென்பொருள் கெட்டுவிட்டதா? (கோவை)

மென்பொருளில் கோளாறு இல்லை. மின்சாரம் வந்ததும், முதல் அளவை எடுத்து முடிப்பதற்குள் கேட்டால் அந்த சென்சார் சொல்லும் எண் 85. சென்சாரிடமிருந்து பதிலே வராதபோது ஆர்டுயினோ நூலகம் (போர்டில் சென்சாரைப் படிக்கும் தயார் நிரல்) காட்டும் எண் மைனஸ் 127. சாலிடர் விட்டிருக்கும், அல்லது சென்சாரின் தகவல் வயருக்கும் மின் வயருக்கும் நடுவில் போட வேண்டிய 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை மறந்திருப்பீர்கள். இந்த இரண்டு எண்களில் எது வந்தாலும் அதைத் தள்ளிவிட்டு இரண்டு ரிலேக்களையும் அணைக்கும்படி நிரலில் கட்டாயம் எழுதுங்கள். மைனஸ் 127-ஐ நம்பும் நிரல், பெட்டி உறைந்து கிடப்பதாக நினைத்து ஹீட்டரை விடிய விடிய எரியவிடும்.

டெம்பே (சோயாவில் பூஞ்சை வளர்த்துச் செய்யும் இந்தோனேசிய உணவு) 31 டிகிரியில் வைத்தேன். நள்ளிரவில் 40-ஐ நெருங்கிவிட்டது. ஹீட்டர் எவ்வளவு எரிய வேண்டும் என்று கணக்கிடும் பிஐடி எண்களை மாற்றவா? (சென்னை)

எண்களைத் தொடாதீர்கள். சுமார் 12 மணி நேரம் கழிந்ததும் பூஞ்சையே வெப்பத்தைக் கக்கத் தொடங்கும். அப்போது உங்கள் ஹீட்டர் அணைந்துதான் இருக்கும், அணைந்த ஹீட்டரால் பெட்டியைக் குளிர்விக்க முடியாது. இரண்டாவது ரிலேயில் ஒரு சிறு மின்விசிறி வையுங்கள். சென்சார் பெட்டிக் காற்றில் இருக்கக் கூடாது, பருப்புப் பொட்டலத்தின் நடுவில் இருக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளி இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிட்டேன், கடவுச்சொல் வைக்கவில்லை. வெப்பநிலையை ஒப்பிட்டு ஹீட்டரைப் போடுவதையும் இணையச் சேவையிடமே விட்டுவிடலாமா? (மதுரை)

போர்ட்டை இன்றே மூடுங்கள். திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுவதையும் நாள் முழுக்கத் துழாவும் நிரல்கள் இருக்கின்றன. உங்கள் ஹீட்டரின் சுவிட்சைத் தெருவில் மாட்டிவைத்திருக்கிறீர்கள். வெளியிலிருந்து பாதுகாப்பாக வீட்டு இணைப்புக்குள் நுழைய வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருள் போடுங்கள், அரை மணி நேர வேலை. இதை எத்தனை முறை எழுதிவிட்டேன்!

இரண்டாவது யோசனை இன்னும் மோசம். எப்போது சூடாக்குவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவு பெட்டிக்குள் இருக்கும் போர்டிலேயே நடக்க வேண்டும். கைப்பேசி பார்ப்பதற்கும் இலக்கை மாற்றுவதற்கும் மட்டும்தான். நானும் ஒரு காலத்தில் இணையம் வழி இயங்கும் ஸ்மார்ட் பிளக்கை நம்பினேன். ஒரு மார்கழி இரவு, ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தபோது அந்த நிறுவனத்தின் சேவை நின்றுவிட்டது. 'அணை' என்ற கட்டளை வந்து சேரவே இல்லை. விடியற்காலையில் மூடியைத் திறந்தால் புளித்த வாசனைக்குப் பதில் வெந்த வாசனை. 4 கிலோ இட்லி மாவில் பாத்திரத்தின் ஓரமெல்லாம் அடைபோல இறுகியிருந்தது, கரண்டியால் சுரண்டித்தான் எடுத்தேன். மாவு போனதோடு விட்டது, வீடு தப்பியது.

அன்றிலிருந்து ஹீட்டர் வயரில் தொடராக, 45 டிகிரியில் தானே துண்டிக்கும் ஒரு தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்தப் பெட்டியையும் நான் இயக்குவதில்லை. விலை மிகச் சொற்பம், எந்த மென்பொருளையும் நம்பி அது இல்லை. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும், அசையும் முனைகள் இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே பழுதானால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே நின்றுவிடும். அப்போது நீங்கள் கைப்பேசியில் எத்தனை முறை அழுத்தினாலும் பயன் இல்லை.

ஈஎஸ்பி8266 என்ற வைஃபை போர்டு என் வைஃபையைக் கண்டுபிடிக்க மறுக்கிறது.

அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5 தெரியாது. வாங்கும்போதே படித்திருக்க வேண்டும்.

பியரில் மிதந்து அதன் அடர்த்தியை அளந்து அனுப்பும் கருவி வேண்டும். டில்ட் வாங்கவா, ஐஸ்பிண்டல் செய்யவா? (சிட்னி)

சாலிடர் பிடிக்கத் தெரிந்தால் ஐஸ்பிண்டல். கால் மணிக்கு ஒருமுறை விழித்து வைஃபையில் அனுப்பிவிட்டுத் தூங்கும், பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும். டில்ட் ப்ளூடூத்தில் பேசுவதால் கேட்கும் கருவி அருகிலேயே இருக்க வேண்டும். கலன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இரண்டிலுமே சிக்னல் திணறும்.

ஊட்டியில் இட்லி மாவுக்குப் பெட்டியை எத்தனை டிகிரியில் வைப்பது?

30. பத்து மணி நேரம் போதும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள், பொங்கி வழிந்து சென்சார் வயரில் இறங்கும்.