வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்: கணக்குப் போட்டால் கோர்வை வருமா?

கேள்வி: நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மிருதங்கம் கற்கிறேன். குரு சொல்லித் தந்த கோர்வைகளை (கணக்காகக் கோத்த முடிப்புச் சொற்கட்டுகளை) வாசித்துவிடுகிறேன். சொந்தமாக ஒன்று அமைக்கக் கணக்கு கைகொடுக்குமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாக. பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆதி தாளம், சதுஸ்ர நடையில் (ஓர் அடிக்கு நான்கு மாத்திரை, அதாவது நான்கு சிறு எண்ணிக்கை) ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரை. முடிவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 'ததிங்கிணதொம்' 5 மாத்திரை; மூன்று தடவைக்கு 15. நடுவே இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 17. மிச்சம் 15. அதை 6, 5, 4 என்று இறக்குங்கள்: தகதிமிதக, தகதகிட, தகதிமி. பசுவின் வால்போல் வரவரக் குறுகும் கோபுச்ச யதி ஆயிற்று. சமத்தில் (ஆவர்த்தனத்தின் முதல் அடியில்) தொடங்கினால் சமத்துக்கே வந்துவிடும்.

சரி, பாட்டின் எடுப்பு, அதாவது அது தொடங்கும் இடம், சமத்திலிருந்து அரை இடம் (அரை அடி) தள்ளி என்றால்? இரண்டு மாத்திரை கூடுதலாக வேண்டும். அதற்காகப் புதுக் கோர்வை தேட வேண்டாம். கார்வைகளை ஒன்றுக்குப் பதில் இரண்டாக்குங்கள். மொத்தம் 34. எடுப்பில் போய் கச்சிதமாக உட்காரும்.

ஆனால் 15-ஐ 11, 2, 2 என்றும் பிரிக்கலாமே! கூட்டல் சரிதான், வாயால் சொன்னால் நொண்டும். அதனால் கணக்கு முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு, கையில் தாளம் போட்டபடி சொல்லிப் பாருங்கள். எண்ணிக்கை மறந்து சொல் மட்டும் நிற்கும்வரை மிருதங்கத்தைத் தொடாதீர்கள். மேடையில் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வாசிப்பவரை அவர் முகமே காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு அதைப் பார்க்கவே சகிக்காது.

கேள்வி: 72 மேளகர்த்தாவும் (தாய் ராகங்களும்) கணக்குதானே? அப்படியே ராகத்துக்கு மெட்டும் போட்டுவிடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: மேளம்வரை கணக்குதான். ரி-க சேர்க்கை 6, த-நி சேர்க்கை 6, மத்தியமம் 2, பெருக்கினால் 72. அதைத் தாண்டினால் ஆரபியும் தேவகாந்தாரியும் வழிமறிக்கும். இரண்டும் 29-வது மேளமான சங்கராபரணத்தின் பிள்ளைகள். இரண்டுக்கும் ஏறும்போது ஸரிமபதஸ, இறங்கும்போது ஸநிதபமகரிஸ. ஆரபி காந்தாரத்தையும் நிஷாதத்தையும் சட்டென்று தொட்டு விலகும். தேவகாந்தாரியோ நிதானமாக நின்று, அசைந்து, இழைந்து வரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், அப்புறம் மெட்டுக்கு வாருங்கள். ஆரபியில் தேவகாந்தாரி வாடை அடித்தால் சபாவில் முன்வரிசை மாமாக்கள் சும்மா விடமாட்டார்கள்.