பாப்பாவோட நோட்டை தூக்கிப் போட்டுடாதீங்கம்மா

நீடாமங்கலம் பக்கத்துலேருந்து வந்திருந்தீங்களேம்மா, அன்னிக்கு கூட்டம் அதிகம், சரியா பேச முடியல, அதான் எழுதுறேன். பாப்பா ப்ளஸ் டூ பயாலஜி, தம்பிக்கு ஆட்டிசம், அவன் பேசுறதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டு இதையேதான் படிப்பேங்குறா, இதுல சோறு கிடைக்குமா சார்னு கேட்டீங்க.

அந்த நோட்டை பொரட்டுனேன்மா. தம்பிக்கு தாகமெடுத்தா "தண்ணி வேணுமா"ங்குறான், பசிச்சா "சாப்டுறியா"ங்குறான். நாம அவன்கிட்ட கேக்குறத அப்படியே சொல்றான். பக்கத்துல பாப்பா பென்சில்ல குறிச்சிருக்கா, "இது கேள்வி இல்ல, அவனுக்கு வேணும்னு சொல்றான்"னு. யாரும் சொல்லிக் குடுக்காம இத புடிச்சிருக்கா பாருங்க!

கிளிப்பிள்ளை மாதிரி சொல்றானேன்னு அழுதீங்க. இதுக்கு எக்கோலாலியான்னு பேரு, 1943ல லியோ கானர்ங்குற மனநல டாக்டர் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைங்கள பத்தி எழுதுன கட்டுரையிலயே இது இருக்கு. ரொம்ப காலம் இத அர்த்தமில்லாத பேச்சுன்னுதான் நிறுத்தப் பாத்தாங்க, அப்பறம் 1981ல பேரி பிரிசான்ட், ஜூடித் டூச்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்ங்க, திருப்பிச் சொல்றதுலயே கேக்குறது, ஆமான்னு சொல்றது, பேச்சுல தன் முறைய எடுத்துக்குறதுன்னு பல வேலை நடக்குதுன்னு காட்டுனாங்க. பாப்பா எழுதுனதும் அதேதான்.

இன்னொன்னு, தம்பி மாதிரி பிள்ளைங்க தன்னையே 'நீ'ன்னு சொல்லி நான்-நீ மாத்திப் பேசுவாங்க, இங்கிலீஷ்ல அத தனி வார்த்தையிலயே பாத்துடலாம், நம்ம பேச்சுல அது வினைச்சொல்லோட வால்ல ஒட்டிக்கிட்டு இருக்கு, "சாப்டுறேன்", "சாப்டுறியா". தமிழ் பேசி வளந்த காதுக்குத்தான் இது சட்டுனு புடிபடும். இந்த வேலைக்கு நம்ம பிள்ளைங்க வரணும்மா.

படிப்புக்கு வர்றேன். பேச்சு தெரபி குடுக்கணும்னா பி.ஏ.எஸ்.எல்.பி, அதாவது பேச்சு, காது கேக்குறது பத்தின டிகிரி, இன்டர்ன்ஷிப்போட 4 வருஷம். தமிழ்நாடு பாராமெடிக்கல் கவுன்சிலிங்லயும் வருது, மைசூர்ல அய்ஷ்னு (AIISH) இதுக்குன்னே மத்திய அரசு நிறுவனம் இருக்கு. சேக்குறதுக்கு முன்னாடி காலேஜுக்கு ஆர்.சி.ஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு பாத்தே ஆகணும், ஆர்.சி.ஐ ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாம ப்ராக்டீஸ் பண்ண முடியாது, சம்பா அறுத்த காச கொண்டுபோய் தெரியாத இடத்துல கட்டிட்டு நிக்காதீங்க. முடிச்சா ஆஸ்பத்திரி, ஸ்பெஷல் ஸ்கூல், தெரபி சென்டர்னு வேலை இருக்கு. ஆராய்ச்சி மட்டும் போதும்னா ஏதாவது டிகிரி முடிச்சு மொழியியல் எம்.ஏ, நம்ம சிதம்பரம் அண்ணாமலையிலயே இருக்கு, ஆனா அத வெச்சு தெரபி குடுக்க முடியாது. என்னைக் கேட்டா பி.ஏ.எஸ்.எல்.பி முதல்ல, ஆராய்ச்சி அப்பறம்.

தம்பிகிட்ட இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு யாரோ சொன்னாங்கன்னீங்களே, வேணாம்மா. ரெண்டு மொழி கேக்குறதால ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு பேச்சு இன்னும் தாமதமாகுறதில்லன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க. உங்களுக்கு வர்ற தமிழ்லயே கொஞ்சுங்க.

ஞாயித்துக்கிழமை பாப்பாவ கூட்டிட்டு வாங்க, நோட்டையும்தான். இனிமே தேதி போட்டு, தம்பி சொல்றதுக்கு முன்னாடி யாரு என்ன பேசுனாங்கன்னும் சேத்து எழுதச் சொல்லுங்க.