அமெரிக்காவின் நாஷ்வில்லில் வீடு தேடும் தம்பிக்கு

தம்பி, வாடகை, கார் இன்சூரன்ஸ், இட்லி அரிசி என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல வாட்ஸ்அப் குழுவில் ஆட்கள் அலைமோதுவார்கள். கடைசியாக, "கறுப்பர்கள் அதிகம் உள்ள பக்கம் வீடு எடுக்காதேன்னு நம்மவங்களே சொல்றாங்க, நிஜமா?" என்று கேட்டீர்களே, எனக்கு அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். 1965 குடியேற்றச் சட்டம் வரும்வரை இந்தியர்களுக்கு இந்த நாடு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு வெறும் 100. கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த அந்த வருடங்களில்தான் அது மாறியது. "நான் என் மூளையால வந்தேன்" என்று பார்ட்டிகளில் மார்தட்டும் நம்மாட்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு உடனே கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

நீங்கள் வரப்போகிற இதே ஊரில் ஜேம்ஸ் லாசன் என்று ஒரு பாதிரியார் இருந்தார். மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட இவரைத் தெரியாது. கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்துக்கு வர மாட்டேன் என்று சிறைக்குப் போனவர். பிறகு நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே காந்தியின் வழியைப் படித்தார். 1957இல் ஓபர்லின் கல்லூரியில் கிங் அவரைச் சந்தித்து, காத்திருக்காமல் உடனே தென் மாநிலங்களுக்கு வரச் சொன்னார். மறு வருடமே நாஷ்வில் வந்துவிட்டார்.

சர்ச்சின் அடித்தளத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி. ஒருவர் கடையில் சாப்பிட உட்கார்ந்தவர் போல நாற்காலியில் இருப்பார். கூட இருப்பவர்களே அவரைத் திட்டுவார்கள், தள்ளுவார்கள், முகத்தில் சிகரெட் புகை ஊதுவார்கள். திருப்பி ஒரு வார்த்தை வரக் கூடாது. பின்னாளில் போராட்டத் தலைவர்களான ஜான் லூயிஸும் டயான் நாஷும் அங்கே தேறியவர்கள். 1960 பிப்ரவரி 13 அன்று கறுப்பர்களுக்குச் சாப்பாடு தர மறுத்த கடைகளின் லஞ்ச் கவுன்ட்டர்களில் போய் உட்கார்ந்தார்கள். மே 10இல் கவுன்ட்டர்கள் கறுப்பின மக்களுக்குத் திறந்தன. அதற்குள், அங்கே படித்துக்கொண்டிருந்த லாசனை இந்தப் போராட்டத்துக்காகவே வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் வெளியேற்றியிருந்தது; 2006இல் அதே இடம் அவரைப் பேராசிரியராக அழைத்தது.

நான் வந்த புதிதில், போனில் வீடு காலி என்ற மேனேஜர் நேரில் என்னைப் பார்த்ததும் "இப்பத்தான் போச்சு" என்றார். நம்மாட்கள் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்கள். ஆபீசில் பக்கத்து சீட்டுக் கறுப்பின அம்மாதான் அங்கேயே போன் போட்டு விசாரித்தார். வீடு காலியாகவே இருந்தது. எனக்கு வேறு வீடு பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். கல்லூரிக் காலத்தில் லாசனின் பயிற்சிக்குப் போனவராம். "எனக்குக் கோபம் மூக்குமேல வரும், அதனால கடைக்கு அனுப்பல, கார் ஓட்ட வச்சுட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். மதியம் என் எலுமிச்சை சாதத்தில் பாதி அவருக்குத்தான்.

டவுன்டவுன் நூலகத்தில் சிவில் உரிமை அறை ஒன்று இருக்கிறது. அந்த மாணவர்களுக்குக் கொடுத்த பத்து விதிகளை அங்குள்ள கவுன்ட்டரில் படிக்கலாம்: திருப்பி அடிக்காதே, நேராக உட்கார், எப்போதும் கவுன்ட்டரைப் பார்த்தே இரு. வந்த முதல் மாதமே போய்ப் பாருங்கள். வார இறுதியில் எல்லாரும் மாலுக்குத்தான் கூட்டிப் போவார்கள்.

வீட்டுக்கு வாடகை கட்டுப்படியாகுமா, ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று பாருங்கள், போதும். கிரெடிட் ஹிஸ்டரி இல்லாததால் டெபாசிட் கூடக் கேட்பார்கள். லீஸை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இட்லி அரிசி எந்த இந்தியக் கடையிலும் கிடைக்கும்.